அரைக்காதனின் பாசம்

கதவைத் தட்டுவதற்கு முன் ஸ்டோர்கீப்பர் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே ரத்தம் கசியும் கீறல். தெருமுனையில் அரைக்காதன் பாசம் மிகுந்து மேலே பாய்ந்துவிட்டது. நாள் முழுக்கக் கிடங்கில் பெட்டி எண்ணி ஓய்ந்து வருகிறவரைப் பார்த்துச் சந்தோஷப்பட அந்த நாயை விட்டால் வேறு ஆள் இல்லை.

"அந்த அரைக்காது நாய் நம்ம வீட்டுல யார் மேலயாவது நகம் வச்சுது, அன்னைக்கே நாய் பிடிக்கிற வண்டியை வரச்சொல்லிப் பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்று மனைவி எப்போதோ சொல்லியிருந்தாள். "நானே கல்லெடுத்துத்தான் விரட்டுறேன்" என்று அவரும் ஒத்து ஊதியிருந்தார்.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார்.

"உள்ள என்ன, தொட்டியா கழுவுறீங்க?"

"பஸ் சீட்டுல தகரம் கீறிடுச்சு."

அதோடு விட்டாளா? களிம்பை அப்பி, முழங்கை வரை இறுக்கிக் கட்டி, தகரத்துக்கு உண்டான ஊசியைப் போடக் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவள் பக்கத்தில் இருக்க, நாய் என்று எப்படி வாயைத் திறப்பது?

மறுநாள் பெரிய ரோட்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனார். நர்ஸ் கட்டை அவிழ்த்து எறிந்தாள்.

"நாய்க் கீறலை யாராவது இப்படி மூடி இறுக்குவாங்களா?"

"பழகின நாய் சிஸ்டர். அரைக்காது. பாசத்துல..."

"பாசத்துக்கும் ஊசிதான் சார். நாய் நகத்தை நக்கும், எச்சில் இருக்கும். ரத்தம் வேற வந்திருக்கு. சொல்ற தேதிக்கெல்லாம் வரணும், பாதியில நிறுத்தக் கூடாது."

வீட்டில் கேள்வி காத்திருந்தது.

"கட்டு எங்க?"

"பஸ்ஸுல அவுந்து விழுந்துடுச்சு."

"உங்களுக்கும் அந்த பஸ்ஸுக்கும் என்னதான் பகை?"

மறுபடியும் கட்டு, முன்னைவிட இறுக்கமாக.

ஊசி நாட்களில், "ஸ்டாக் எடுக்கணும், லேட்டாகும்" என்றார். அவள் இரக்கப்பட்டு டப்பா நிறையச் சோறு கட்டிக் கொடுத்தாள். அதை அரைக்காதன் தின்றது. தின்ற விசுவாசத்தில் டப்பாவின் பின்னாலேயே வாசல்வரை வந்து நின்றது.

"ச்சீ, போ" என்றார் ஸ்டோர்கீப்பர், மனைவி காதில் விழும்படி. அது அவளைப் பார்த்தும் வாலாட்டியது. விவஸ்தை கெட்ட நாய்.

சட்டைக் கையில் பட்டன் வேறு அறுந்துபோய், கட்டு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"தையல் கிளாஸுக்குத்தான் போறியே, இதைத் தச்சுக் குடேன்."

"இன்னும் பட்டன் வரைக்கும் வரல" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பிப்போனாள்.

கடைசி ஊசியன்று அவருக்கு உடம்பைவிட மனசு களைத்திருந்தது.

"முடியல சிஸ்டர். ஒரு பொய்யைக் காப்பாத்த இன்னொரு பொய். பேசாம வீட்டுல சொல்லிடலாம்னு பார்க்குறேன். ஆனா சொன்னா அந்த வாயில்லா ஜீவனை வண்டியில ஏத்திடுவா."

நர்ஸ் பஞ்சை அழுத்திவிட்டுச் சிரித்தாள்.

"அந்த அரைக்காது நாய்க்கு ராசி அப்படி சார். வீட்டுக்காரர் கல்லெடுத்து விரட்டுறவராம், தெரிஞ்சா நாயைப் பிடிச்சுக் குடுத்துடுவாராம்னு, தையல் கிளாஸுன்னு பொய் சொல்லிட்டு ஒரு அம்மாவும் இதே ஊசிக்குத்தான் வந்துட்டுப் போறாங்க."