மச்சானுக்கு நீ அனுப்பிய ஹெட்போன் காசுக்குத் தகுமா என்பது பற்றி

வாசலூர்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி ரமேஷ்குமாருக்கு,

அக்கா பானுமதி எழுதுவது. இங்கு நானும் ஆடுமாடுகளும் நலம். உன் மச்சானும் நலமாகத்தான் இருக்க வேண்டும். அவரையே கேட்டு எழுதலாம் என்றால் எது கேட்டாலும் காதில் ஏறுவதில்லை. கோயமுத்தூரில் நீயும் கீர்த்தனாவும் சுகமாக இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் நீயும் அதே மாதிரி ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்கிறாய். போன தடவை நம் கிடாய் செத்துப்போச்சு என்று சொன்னதற்கு "சூப்பர்க்கா" என்றாய். காகிதத்தைக் கண்ணால்தான் படித்தாக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நம் தோட்டத்துக்கு மேல்புறம் சின்னராசு கட்டியிருக்கிற காட்டேஜில் டூரிஸ்ட்காரர்கள் வந்துவிட்டால் ஆள் உயர ஸ்பீக்கர் வைத்து ஆடுகிறார்கள், படகு விடுகிற ஏரி வரைக்கும் அதிருகிறது, தலை வலிக்கிறது என்று உன் மச்சான் உன்னிடம் புலம்பியது உண்மைதான். அதற்கு நீ ஒரு தைலம் வாங்கிக் கொடுத்திருக்கலாம். வெளிச்சத்தம் கேட்காமல் செய்கிற ஹெட்போன் என்று இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு ஒன்றை வாங்கி அனுப்பினாய். அதில் ஒயர்கூட இல்லை. ஒயர் இல்லாததால் விலையில் கொஞ்சம் குறைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒயர் இல்லாததற்குத்தான் விலை கூடவாம். "போட்டுப் பார்க்கட்டும், காசுக்குத் தகுமான்னு நீதான்க்கா சொல்லணும், பிடிக்காட்டி திருப்பிக் கொடுத்துடலாம்" என்று சொன்னாயே, இப்போது சொல்கிறேன்.

முதல்ல அந்தப் பொருளோட யோக்கியதையைக் கேளு. மிக்ஸி சத்தம், லாரி சத்தம், பம்புசெட் சத்தம் எல்லாத்தையும் அது முழுங்கிடுதாம். என் குரல் மட்டும் லேசா உள்ள வருதாம். அதனாலதான் பாட்டும் போட்டுக்கறாராம். இதை எங்கிட்டயே சொல்றாரு, சாமி. காது அரிச்சு அதைத் தொட்டா பாட்டு மாறிடுது. வெயில்ல போட்டா காது ரெண்டும் வெந்து செவந்துபோகுது, அதுக்கு மேல துண்டை வேற கட்டிக்கிட்டுத் திரியறாரு. சார்ஜ் தீரும்போது உள்ள ஒரு பொம்பள இங்கிலீசுல ஏதோ சொல்றா. அவளுக்கு "சரிங்க"ன்னு பதில் சொல்றாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு ஒரு "சரிங்க" கெடைச்சதில்ல.

போன வாரம் களத்துல மிளகு காயப்போட்டுட்டு, பார்த்துக்கோங்கன்னு சொல்லிட்டு மரவள்ளிக் காட்டுக்குப் போனேன். தூறல் விழுந்துச்சு. அங்கிருந்து நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ரெண்டு பேரு ஓடி வந்து மிளகை அள்ளினாங்க. இவரு பலாமரத்தடியில கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்காரு. அள்ள முடியாமப்போன மிளகு பூசணம் பூத்து நிக்குது. அதுக்கு அடுத்த நாளு குரங்குக் கூட்டம் ஊட்டுக்குள்ள பூந்து, தொங்கவிட்டிருந்த வாழைத்தாரை இவரு முதுகுக்குப் பின்னால இழுத்துக்கிட்டுப் போச்சு. ஒரு குரங்கு பழத்தை உரிச்சுத் தின்னுக்கிட்டே இவரு முன்னால வந்து நின்னு பார்த்துச்சாம். "வந்துச்சு, பாவம்னு நான்தான் ஒண்ணும் பண்ணாம விட்டுட்டேன்"ங்கறாரு.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். புதன்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியல. நம்ம மிளகுத் தோட்டத்து வழியா காட்டேஜுக்குக் கார் போக பாதை வேணும்னு சின்னராசு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கான். கொடுக்க முடியாதுன்னு நான் சொல்லியாச்சு. இவரு தனியா உக்காந்திருக்கற நேரம் பார்த்து அடிவாரத்துல இருந்து ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து பேசியிருக்கான். பாதை எங்க ஆரம்பிக்கும், எந்த மரம் போகும், எல்லாம் சொல்லியிருக்கான். இவரு பாட்டு கேட்டுக்கிட்டே எல்லாத்துக்கும் தலையை ஆட்டியிருக்காரு. கையைக் கொடுத்திருக்காரு, வெத்தலையும் வாங்கிப் போட்டிருக்காரு. சாயங்காலம் எங்கிட்ட வந்து, "சின்னராசு வந்து நல்லா பேசிட்டுப் போனான்"ன்னாரு. என்ன பேசினான்னு கேட்டேன். "அது தெரியல. ஆனா மரியாதையாப் பேசினான்" அப்படின்னாரு.

விடிஞ்சா பொக்லைன் வந்து நிக்குது. நான் சாணி வழிச்ச கையோட ஓடறதுக்குள்ள மிளகுக்கொடி ஏறின சில்வர் மரம் ரெண்டு சாஞ்சுபோச்சு. கொடியில காய் பச்சையாத் தொங்குது தம்பி. பொக்லைன் முன்னால போய் உக்காந்துட்டேன். சின்னராசு வந்து, "ஏனுங்கக்கா, மச்சான் சம்மதம் சொல்லித் தலையாட்டினாருங்க, சாட்சிக்கு ஆளு இருக்குதுங்க"ன்னான். நாலு பேரு முன்னால கொடுத்த சம்மதத்தை இல்லேன்னு சொன்னா இந்த மலையில நாளைக்கு எவன் நம்மளை மதிப்பான்? அந்த மிளகை வெச்சுத்தான எங்க வருசமே ஓடுது.

அன்னைக்கே மாரியம்மன் கோயில் முன்னால ஊர் கூடுச்சு. காதுல ஹெட்போன் இருந்துச்சு, அவன் பேசினது எதுவும் இவருக்குக் கேக்கலேன்னு நான் சொன்னேன். ஊர்க் கவுண்டரு நல்லமுத்து மாமா நடுவுல உக்காந்து, "ஏம்ப்பா அண்ணாமலை, காதுல பஞ்சு வெச்சாலே பேச்சு கேக்குமே, பக்கத்துல நின்னு பேசினது கேக்கலேன்னா எப்படி நம்பறது?"ன்னாரு. உன் மச்சான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறாரு. நான்தான் அந்த ஹெட்போனை வாங்கி, "மாமா, நீங்களே மாட்டிப் பாருங்க"ன்னு அவரு தலையில மாட்டிவிட்டு, இவரைப் பாட்டுப் போடச் சொன்னேன்.

மாமா கண்ணு தானா சொருகிப்போச்சு. "பாதை கொடுக்க வேண்டாம்னு தீர்ப்புங்களா?"ன்னு கேட்டேன். தலையாட்டினாரு. சின்னராசுக்கு முகம் மாறிப்போய், "பாதை கொடுக்கணும்னு தீர்ப்புங்களா?"ன்னு கேட்டான். அதுக்கும் தலையாட்டினாரு. பின்னால இருந்து யாரோ, "உங்க கறவை மாட்டை எனக்கு ஓட்டி உடறீங்களா?"ன்னாங்க. அதுக்கும் ஆட்டினாரு. அவரு சம்சாரம் இருசாயி அத்தை சும்மா இருக்குமா? எந்திரிச்சு வந்து, "வர்ற மாரியம்மன் நோம்பிக்கு எனக்குக் கொலுசு எடுத்துத் தர்றீங்களா?"ன்னுச்சு. நல்லா அழுத்தி ஆட்டினாரு. சனமெல்லாம் சிரிச்சு அடங்கவே ரொம்ப நேரமாச்சு, சின்னராசுகூடச் சிரிச்சுட்டான்.

கழட்டி நடந்ததைச் சொன்னதும் மாமா, "இதை மாட்டிக்கிட்டு ஆட்டின தலை செல்லாது. சின்னராசு, சாஞ்ச மரத்துக்குப் பதிலா நாத்து வெச்சு, கொடி ஏத்திக் கொடுத்துடு. பாதைப் பேச்சை இத்தோட உட்டுடு"ன்னு சொன்னாரு. அவனும் ஒத்துக்கிட்டான். அப்படியே ஸ்பீக்கரையும் குறைக்கச் சொல்லுங்கன்னு நான் கேக்கறதுக்குள்ள மாமா மறுபடியும் அதைக் காதுல மாட்டிக்கிட்டாரு. சாமானு மறுநாள் சாயங்காலம்தான் எங்க கைக்கு வந்துச்சு. விசாரணை பாக்கி இருந்துச்சாம்.

ஆகையால் தம்பி, இது காசுக்குத் தகுமா என்றால் தகாது. நாற்பது கிலோ மிளகு விற்ற காசைக் கொடுத்து ஒரு மனுசனைச் செவிடாக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. டப்பா, சார்ஜர் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறே வந்து எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரன் மூஞ்சியில் வீசிவிட்டுக் காசை வாங்கிக்கொள். வரும்போது கீர்த்தனாவையும் கூட்டி வா, கொண்டை ஊசி வளைவில் அவளுக்குத் தலை சுற்றும், எலுமிச்சம்பழம் கையில் கொடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்டு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
அ. பானுமதி

பின்குறிப்பு: தம்பி, வர வேண்டாம். எழுதி முடிச்சுக் கவரைத் தேடறேன், மேல காட்டேஜ்ல ஆரம்பிச்சுட்டாங்க. நெஞ்சுல உலக்கை போட்டு இடிக்கற மாதிரி சத்தம். எப்படியும் திருப்பிக் கொடுக்கப்போற சாமானுதானேன்னு ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். பாட்டுகூடப் போடல. அந்த இடி அப்படியே தூரமாப் போயிடுச்சு. இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து பகல்ல நான் படுத்ததே இல்ல. படுத்தேன். எந்திரிச்சுப் பார்த்தா உன் மச்சான் பாலைக் கறந்து, சோறு வடிச்சு, சட்டியெல்லாம் கழுவிக் கவுத்து வெச்சிருக்காரு. ரொம்ப நேரம் கூப்பிட்டாராம், எனக்குக் கேக்கல. டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டேன், இனிமே கடைக்காரன் வாங்க மாட்டான். தனக்கு இன்னொண்ணு வாங்கி அனுப்பச் சொல்லி எழுதுன்னு பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டிருக்காரு. வாங்கிப்போடாத. ஊட்டுல ஒருத்தருக்காவது காது கேக்கணும்.