பாதுகாப்பான மொழியும் மகனுடைய சாரனும்

மருதமுனை,
செப்டெம்பர் 2010

மதிப்புக்குரிய நிஸாம் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயிலில் நீங்களும் மச்சியும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு தங்கை ஜெனூபா எழுதுவது. நாங்கள் சுகம். கணினிதான் சுகமில்லை. அதனால் உங்கள் பெருநாள் மின்னஞ்சலுக்கு இவ்வளவு பிந்தி, தபாலில் பதில் வருகிறது.

சுனாமிக்குப் பிறகு தொடங்கிய எங்கள் நெசவுப் பெண்கள் சங்கத்துக்கு நான் பிஎச்பி என்ற கணினி மொழியில் ஓர் இணையத்தளம் செய்தேன் அல்லவா, முகப்பில் மகன் சங்கத் தலைவி நெய்து தந்த புதுச் சாரன் உடுத்திச் சிரிக்கும் படம் போட்டு? போன கிழமை திறந்து பார்த்தால் மகனுடைய தலை இருந்த இடத்தில் ஒரு மண்டையோடு பல்லிளிக்கிறது. எவனோ உள்ளே புகுந்து மாற்றியிருக்கிறான். நான் போட்ட சத்தத்தில் மாமி ஓடிவந்து, "கண்ணூறு புள்ள! நான் அண்டைக்கே செல்லல்லியா, புள்ளைட படத்த ஊருலகத்துக்குக் காட்டாதேண்டு" என்று, பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதிய தண்ணீர் வாங்கிவந்து மகனுக்குத் தெளித்தார், எனக்குத் தெளித்தார், மீதியைக் கணினியின் தலையில் ஊற்றினார். மண்டையோடு அந்தக் கணமே மறைந்தது. மாமிக்கு அதில் இன்றுவரை பெருமை.

சங்கத் தலைவி ஹாஜறா ராத்தா கூட்டம் கூட்டினார். "இனியொருக்கா எவனும் சைற்ற ஒடச்சாண்டா கொழும்புக் கொம்பனிக்குக் குடுக்கப்போறம் ஜெனூபா, கோவிக்காத" என்றார். மகனை மடியில் வைத்துக்கொண்டு நான் செய்யக்கூடிய ஒரே வேலை இது, காக்கா. ஆகவே படித்தவள் மாதிரி எழுந்து நின்று, "பிரச்சினை மொழியிலதான். பாதுகாப்பான மொழி ஒண்ட முதல்ல தெரிவு செய்யணும்" என்றேன். "சிங்களம்" என்றார் ஹாஜறா ராத்தா, யோசிக்கவே இல்லை. "செக்பொயின்ற்றுல எத்தின வருசம் பாத்த நாம." பக்கத்தில் இருந்த ஸுல்பிகா ஒத்துக்கொள்ளவில்லை. "அரகொறயாக் கதச்சா ஆமிக்காரன் இன்னும் ரெண்டு கேள்வி கூடக் கேப்பான். நான் வாயே தொறக்கல்ல, ஒரு நாளும் என்ன பஸ்ஸால எறக்கல்ல. பாதுகாப்பெண்டா அதுதான்." மாமி, அறபு என்றார். யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, நான் கேட்பது கணினிக்கான மொழி என்று விளக்கி முடிப்பதற்குள் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது.

பிறகு கல்முனையில் கணினி வகுப்பு நடத்தும் பாக்கியராசா சேரிடம் போனேன். "பிஎச்பி எண்டா படலையில்லாத வளவு, தங்கச்சி. கண்டதெல்லாம் உள்ளுக்க வரும். ஜாவாவுக்கு மாறுங்க" என்றார். எங்கள் கணினி காய்ந்து எழும்பினாலும், அதில் ஜாவா எழும்புவதற்குள் மகன் பள்ளிக்கூடம் போய்விடுவான். பைத்தன் நல்லது என்று எங்கோ வாசித்தேன். வாய்தவறி அதன் அர்த்தத்தை வீட்டில் சொல்லிவிட்டேன். "பச்சப்புள்ள இருக்கிற ஊட்டுக்குள்ள மலப்பாம்பா?" என்று மாமி மகனைத் தூக்கிக்கொண்டு மூத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும், காக்கா. பைத்தனா, ஜாவாவா? சொல்கிற மொழியில் முழுவதையும் திரும்ப எழுதத் தயார். மச்சிக்கு என் ஸலாம். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பறக்கத்தைச் சொரியட்டும்.

இப்படிக்கு,
தங்கை ஜெனூபா

பி.கு.: மொழியை விடுங்கள், காக்கா. உறையை ஒட்டுமுன், மண்டையோடு வருவதற்கு முந்திய முகத்தை ஒருமுறை பார்க்கும் ஆசையில் அல்பத்தில் இருந்த மகனுடைய அந்தப் படத்தை வெளியே எடுத்தேன். சாரன் கரையில் சிவப்பு நூலில் ஆங்கில எழுத்துகள் ஓடுகின்றன. தளத்துக்குள் நுழைய நான் ஹாஜறா ராத்தாவுக்கு மட்டும் சொல்லிவைத்த இரகசியச் சொல், ஒரு பிழையும் இல்லாமல். ஓடிப்போய்க் கேட்டால், "மறந்துராதீங்கண்டு நீதானே சென்னாய் புள்ள? தாள்ல எழுதினா துலஞ்சிரும். அதான் கரையில போட்டன்" என்கிறார். படம் எடுத்தவள் நான், முகப்பில் போட்டவளும் நான். புள்ளையுடைய முகத்தை விட்டு என் கண் கீழே இறங்கவே இல்லை. சொல்லைப் பாக்கியராசா சேருடைய வகுப்புக் கணினியில் உடனே மாற்றிவிட்டேன். புதுச் சொல் என்ன என்று ஹாஜறா ராத்தா இப்போது ஆள் அனுப்பியிருக்கிறார்; தறியில் நூல் ஏற்றியாகிவிட்டதாம்.