இரண்டில் தொடங்கி ஒன்றில் முடியும் புத்தகம்

பெரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு உடம்பளவில் எல்லோரும் நலம். மற்றபடியும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. தங்கள் வீட்டில் அனைவரும் சௌக்கியம்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷம் விடாமல் விண்ணப்பம் போட்டு, வளரும் கலைஞர்களுக்கான ஃபெலோஷிப்பை நம் பெண் வாங்கியது தாங்கள் அறிந்ததே. "முப்பத்தொரு வயசாச்சு, இன்னும் எங்கம்மா வளரப் போறே?" என்று கேட்டு அன்றைக்கே வாங்கிக் கட்டிக்கொண்டேன். காகிதமும் கையால் செய்து, மடிப்பதும் தைப்பதும் கையாலேயே செய்து, ஒரே மாதிரி ஐந்து புத்தகம் முடிக்க வேண்டுமாம். காகிதத்துக்குப் பருத்தித் துணி வேண்டும் என்றாள். உடனே தங்கள் தங்கை என் பீரோவைத் திறந்துவிட்டாள். நான் ரெக்கார்ட் ரூமுக்குப் போட்டுப் போன நீலச் சட்டை பதினொன்றும் மிக்ஸியில் அரைபட்டு, குளியலறை வாளிகளில் கூழாய் மிதந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். அந்த மூன்று வாரம் நாங்கள் எப்படிக் குளித்தோம் என்று கேட்காதீர்கள். ஆனால் காய்ந்து தாளாக வந்தபோது அசந்துபோனேன், தடவிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது, அந்தத் தடவலில்தான் வினை வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் நூல் வாங்கப் போயிருந்தாள். மேஜையில் புத்தகத்துக்கு நான்கு தாள் வீதம் ஐந்து அடுக்கு. பார்க்கிறேன், ஒன்றிலும் பக்க எண் இல்லை! முப்பத்தைந்து வருஷத்தில் எண் இல்லாத ஒரு தாளை நான் உள்ளே விட்டதில்லை. பாவம் பெண், அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று மனம் இளகி, நான் ரிட்டயராகும்போது ஆபீசில் பரிசாகத் தந்த நம்பரிங் மெஷினை எடுத்து, தாளின் இரண்டு பாதியிலும், இரண்டு புறமும், ஒன்று முதல் பதினாறு வரை டக் டக்கென்று ஐந்து அடுக்குக்கும் அடித்து முடித்தேன். அழியாத மை. ஒரு எண்கூடச் சாயவில்லை.

வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அப்பா, இது எழுத்தே இல்லாத புத்தகம்ப்பா."

"எழுத்து எங்கேம்மா போட்டேன்? நம்பர்தானே?"

அவள் ஓர் அடுக்கை எடுத்து, ஒவ்வொரு தாளையும் நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகிக் காட்டினாள். அப்படித்தான் புத்தகம் ஆகுமாம், எனக்கு எங்கே தெரியும்? முதல் பக்கம் இரண்டு. அப்புறம் மூன்று, ஆறு, ஏழு. கடைசிப் பக்கம் ஒன்று! தங்கள் தங்கை எட்டிப் பார்த்து, "போட்டதுதான் போட்டீங்க, ஒழுங்காவாவது போட்டிருக்கக் கூடாதா?" என்றாள். என் சர்வீஸில் இப்படி ஒரு சொல் கேட்டதில்லை மச்சான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஃபெலோஷிப்காரர்கள் பார்க்க வருகிறார்கள். இன்றோடு ஐந்து நாள், பெண் என்னோடு பேசவில்லை. "அவரைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்று என் காதுபடவே அம்மாவிடம் சொல்கிறாள். அவள் மூன்று வருஷ ஆசையை நான் ஒரே மத்தியானத்தில் கெடுத்துவிட்டேன். மாமா சொன்னால் கேட்பாள், தாங்கள் உடனே வந்து பேசிச் சமாதானம் செய்ய வேண்டும். இனி அவள் பொருள் எதையும் விரலால் தொட மாட்டேன், இது சத்தியம்.

மூத்தவர்களுக்கு வணக்கமும் இளையவர்களுக்கு ஆசியும், நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டிலும் பாதியும்.

தங்கள் அன்புள்ள,
மைத்துனன்

பின்குறிப்பு: சமாதானம் பேச வர வேண்டாம். கையெழுத்துப் போடும்போது பின்னால் வந்து நின்று, "அப்பா, இந்தத் தாளை எங்கேருந்து எடுத்தீங்க?" என்றாள். எழுத வாகாக மேஜையில் ஒன்று கிடந்தது, எடுத்தேன். அட்டைக்கு வைத்திருந்த கடைசித் தாளாம். நின்றபடியே முழுக்கப் படித்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எண்கள் ஏன் இப்படி ஓடுகின்றன என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாதாம், இதையே புத்தகத்தோடு தைக்கப் போகிறாள். ஆகவே இந்தக் கடிதம் தங்களுக்கு வராது, வேண்டுமானால் வெள்ளிக்கிழமை வந்து படித்துக்கொள்ளுங்கள். மற்ற நான்கு புத்தகத்துக்கும் நான் இதையே நகல் எடுத்துத் தர வேண்டுமாம். தாளுக்கு எங்கே போவது என்றேன், என் சட்டையைப் பார்த்தாள், கழற்றிக் கொடுத்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் ஊரார் எழுதியதைப் பாதுகாத்தவன் நான், நான் எழுதியதை ஒருத்தி கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. உள்ளே மிக்ஸி ஓடுகிறது. நான் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டு, பனியனோடு காத்திருக்கிறேன்.