காற்றுத் திருகும் நீங்கள் அனுப்பிய மெக்கானிக்கும்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம்; படகு மோட்டாருக்குத்தான் சுகமில்லை. அங்கே நீங்களும் மகளும் நலம் என்று நம்புகிறேன். வேறு எதையும் நம்பும் நிலையில் நான் இல்லை.

நீங்கள் அனுப்பிவைத்த மெக்கானிக்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்களைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். உங்கள் மாமியார் காலையில் அக்கரை மருத்துவமனைக்கு வேலைக்குப் போக வேண்டும், மோட்டாரோ ஏரியில் இருமி இருமி நின்றுவிடுகிறது, இரண்டு தடவை தாமதமாகிவிட்டது, மூன்றாவது தடவை ஆனால் வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். மெக்கானிக் வந்ததும் டாங்கியிலிருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்து, "அடியில தண்ணி நிக்குது பாருங்க" என்றார். நின்றது. ஆனால் ஜாடி அவருடையது! முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவனிடமா இந்த வேலை? கார்புரேட்டரைப் பிரித்துச் செய்தித்தாளில் பரப்பினார். எதையும் மாற்றி வைத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சாமானைச் சுற்றியும் நான் பென்சிலால் கோடு போட்டேன். "பழைய பெட்ரோல் பிசினாகி இந்தத் துளையை அடைச்சிருக்குங்க" என்று ஊசிமுனை அளவு துளையைக் காட்டி ஊதினார். புது வடிகட்டி மாட்டினார். பழையதை நான் விடவில்லை; அத்தாட்சியாக மாத்திரை டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

போகும்போதுதான் கவனித்தேன், டாங்கி மூடியிலிருந்த சின்னத் திருகைத் தளர்த்திவிட்டுப் போகிறார். அகப்பட்டான் திருடன்! பெட்ரோல் ஆவியாகிப் போனால் மறுபடி அவரைத்தானே கூப்பிட வேண்டும்? இடுக்கி போட்டு இறுக்கிவிட்டேன்.

மறுநாள் காலை உங்க மாமியாரைப் படகுல ஏத்திக்கிட்டு, கரையிலிருந்து கூப்பிடு தூரம்கூடப் போகலை மாப்பிள்ளை, மோட்டார் பட்டுனு நின்னுடுச்சு. பெட்ரோல் குழாய் நடுவில கையால அமுக்கற ரப்பர் பந்து, பல்லு போன கன்னம் மாதிரி ஒட்டிக் கிடக்கு. உங்க மாமியார் என்னையே பார்த்தா.

"எதையாவது தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடறேன்?"

கரையில தன் பட்டறை வாசல்லேருந்து அந்த மெக்கானிக் கத்தறார்: "ஐயா, மூடியில இருக்கற காத்துத் திருகைத் தளர்த்துங்க! உள்ள காத்து போனாத்தான் வெளிய பெட்ரோல் வரும்!"

உங்க மாமியார் தளர்த்தினா, மோட்டார் ஓடுச்சு, வேலைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தா. என்கிட்டதான் பேச்சு நின்னுபோச்சு. நான் கேக்கறேன், அவ்வளவு தூரத்திலேருந்து பார்க்காமலே அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? இறுக்கினது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா நான் இறுக்குவேன்னு தெரிஞ்சுதானே அவர் அங்க நின்னிருக்கார்? உடனே வேற ஆளைப் பாருங்க.

நீங்கள் இருவரும் தொட்ட காரியம் எதுவும் நடுவழியில் நிற்காமல் கரை சேர வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மெக்கானிக் வந்தார். "பட்டறையில பழுது பார்த்த மோட்டாரையெல்லாம் கடைசியா ஒருத்தர் சரிபார்க்கணும். எதையும் லேசுல நம்பாத ஆளா வேணும்" என்றார். நாளைக் காலை வேலையில் சேருகிறேன். மனிதர் தங்கமானவர், மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஆனால் இந்த ஊரில் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கூப்பிட்டார் என்பதை மட்டும் ரகசியமாக விசாரித்து எழுதவும்.