தொட்டி வழிந்தாலும் குறிப்பு தவறாது

பதிவுப்புலி என்றொரு இனம் உண்டு, வாசகரே. வேலை நடந்ததா என்பது இதற்குப் பொருட்டே அல்ல. நடந்ததை எழுதி வைத்தோமா என்பதுதான் கவலை. இந்த இனத்தில் ஒருவரை, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிச் சுற்றியே கம்பெனி கட்டிய முதலாளி, கை நிறையச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்தார். புலியின் பட்டம் பெரிது, பார்த்ததும் மயங்கிவிட்டார்.

தொட்டி நிரம்பினால் பம்பை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கென்று நகத்தளவு ஒரு கணினிச் சில்லு. அதன் நினைவகமோ தம்மாத்துண்டு. அதற்குள்தான் நம் புலி, மோட்டார் ஓடினால் ஒரு குறிப்பு, ஓடாவிட்டால் ஒரு குறிப்பு, நீர்மட்டம் நூலளவு ஏறினால் ஒன்று, ஏறவில்லை என்பதற்கும் ஒன்று என்று திணித்தார். குறிப்புகள் வரிசையில் காத்திருக்கும். பம்பைக் கவனித்த மிச்ச நேரத்தில் சில்லு அவற்றை எழுதும். நல்ல யோசனைதான். வரிசையே நிரம்பிவிட்டால்?

"பழசைத் தள்ளி விட்டுடலாம் சார், பம்புதான் முக்கியம்," என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

புலிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வரி காணாமப் போனாலும் நான் இருந்து என்னம்மா பிரயோஜனம்?"

வரிசையில் இடம் கிடைக்கும்வரை மற்ற வேலையெல்லாம் நிற்கட்டும் என்று அமைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுக்குமாடி கட்டுபவர் ஒருவர் பம்பைப் பார்க்க வந்தார். அவர் ஆர்டர் தராவிட்டால் பட்டறையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். மேசைமேல் வைத்திருந்த மாதிரித் தொட்டியில் நீர் ஏறியது. குறிப்புகள் குவிந்தன. 'தொட்டி நிரம்பியது' என்ற குறிப்பும் நிரம்பிய வரிசைக்கு வெளியே பணிவாகப் போய் நின்றது. அதற்கு இடம் கிடைக்கும்வரை பம்பை நிறுத்தும் கட்டளை நகரவில்லை. தொட்டி வழிந்து, மேசை நனைந்து, வந்தவரின் காலணிக்குள் தண்ணீர் புகுந்தது. முதலாளி பாய்ந்து பம்பின் பிளக்கைப் பிடுங்கினார்.

புலியின் முகத்திலோ பூரிப்பு. திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க சார், நிரம்பினது கரெக்டா பதிவாகியிருக்கு. ஒரு வரிகூட விடல."

"என் கால்லயும் பதிவாகியிருக்கு," என்றார் வந்தவர், சாக்ஸைப் பிழிந்தபடி. ஆர்டர் அவரோடு படியிறங்கிப் போயிற்று.

"நான் அஞ்சாங்கிளாஸ்தான்யா," என்றார் முதலாளி. "ஆனா தண்ணி வழிஞ்சா முதல்ல குழாயை மூடுவேன். வழிஞ்சுதுன்னு அப்புறம்தான் சொல்லுவேன்."

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். நேற்று உங்கள் குழந்தை நாற்காலிமேல் தடுமாறி ஏறியபோது, ஓடிப்போய்ப் பிடித்தீர்களா, கைப்பேசியை எடுத்தீர்களா? படம் தெளிவாகத்தான் வந்திருக்கும். விழுந்த சத்தம்கூடக் கேட்குமே?