சுதர்சினி வீட்டுக் கூரை மக்கிய வரலாறு

பிளாஸ்டிக்கை மக்க வைத்தே தீருவது என்று பதுளையில் ஓர் அலுவலகம் திடசங்கற்பம் பூண்டது. பழைய சாமான்காரர்கூட எடுக்காத பிஸ்கட் உறை, பால்மா உறைகளைக் குழியில் போட்டு, வெளிநாட்டுத் திரவத்தை ஊற்றினால் ஆறு மாதத்தில் மண்ணாகிவிடுமாம். இதற்காக மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டம் தெரிவாயிற்று. ரோட்டு மோசம் என்பதால் யாரும் வந்து பார்க்கமாட்டார்கள் என்பது அதன் விசேட தகைமை.

ஆறு மாதம் கழித்து, திட்டப் பொறுப்பாளர் கஜேந்திரன் குழியைத் தோண்டினார். உறைகள் முன்பைவிடப் பளபளத்தன. திரவம் அழுக்கை நன்றாக எடுத்திருந்தது.

மறுநாள் கொழும்பிலிருந்து அலுவலகத் தலைவர் பார்வையிட வருகிறார். மடுல்சீமைக் குளிரிலும் கஜேந்திரனுக்கு வியர்த்தது. அந்த நேரம் பார்த்து, கொழுந்து பறிக்கும் சுதர்சினி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்தாள்.

"ஐயா, ஓட்டைத் தகரத்துக்கு மேல பொலித்தீன் விரிச்சிருந்தேங்க. இப்ப தொட்டாலே தூளாக் கொட்டுது. நேத்து மழையில புள்ளைங்க நனைஞ்சு காய்ச்சலாக் கெடக்குதுங்க. புதுசு ஒண்ணு குடுங்கய்யா."

"தூளாக் கொட்டுதா?" கஜேந்திரன் முகம் மலர்ந்தது. "அப்ப மக்கிருச்சு!"

"வெயில்ல இத்துப்போச்சுங்க."

"வெயில்னு யார்கிட்டயும் சொல்லிறாதீங்கம்மா. திட்டம்னு சொல்லுங்க."

"புதுசு?"

"பிளாஸ்டிக்கை ஒழிக்க வந்த நாங்களே பிளாஸ்டிக் குடுக்கலாமா?"

மறுநாள் தலைவர் அவள் வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். ஓட்டை வழியே வானம் தெரிந்தது. "அற்புதமான மக்கல்," என்றார், மூக்கில் விழுந்த சொட்டைத் துடைத்தபடி. அந்த வீடு 'மாதிரி மக்கல் நிலையம்' எனப் பிரகடனப்படுத்தப்பட்டது. வாசலில் 'பொலித்தீன் இல்லாத நாளை' என்று தலைவர் சிரிக்கும் பெரிய பிளாஸ்டிக் பேனர் கட்டிப் படம் பிடித்தார்கள்.

வாகனங்கள் வளைவு திரும்புமுன்பே சுதர்சினியும் அவள் புருஷன் அஜந்தனும் பேனரைக் கூரையில் ஏற்றிக் கல் வைத்துவிட்டார்கள். மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. காய்ச்சல் பிள்ளைகள் காய்ந்த பாயில் தூங்கின.

பேனரை எடுக்கத் திரும்பி வந்த கஜேந்திரன் பதறிப்போனார். "என்னம்மா இது! நூறு வருசமானாலும் இது மக்காதே!"

"அதனாலதாங்கய்யா போட்டேன்."

இழுத்துப்போடக் கையை உயர்த்தியவர், மேலேயிருந்து தலைவர் சிரிப்பதைப் பார்த்தார். உயரதிகாரியை இழுத்துக் கீழே போட விதிகளில் இடமில்லை. போய்விட்டார்.

அதன்பிறகு லயமே மாறிப்போனது. ஆளாளுக்குக் கூரையிலிருந்த நல்ல பொலித்தீனை எடுத்து வெயிலில் காயப்போட்டு, கசக்கித் தூளாக்கிவிட்டு, பேனரோடு வரப்போகும் தலைவருக்காகக் காத்திருக்கிறார்கள். 'தோட்ட மக்களிடையே சுற்றாடல் விழிப்புணர்வு பெருகியுள்ளது' என்று அலுவலகம் அறிவித்து, திட்டத்தை வெற்றிகரமாக முடித்துக்கொண்டது.

மீண்டும் மழை தொடங்கிவிட்டது.