நானூறு கிராம் கொசுவலை

சொல்லப்போறது அத்தனையும் நெசம். ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, நாளைக்கு நான் தூக்கற பீரோ ஏழாவது மாடிக்குப் போகட்டும். அன்னைக்குன்னு பாத்து லிஃப்ட் நின்னு போகட்டும். இதுக்கு மேல பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது.

பீரோ ஏன் வந்துச்சுன்னா, அதான் என் பொழப்பு. வீடு மாத்தறவங்களுக்கு சாமான் தூக்கறேன். பதினெட்டு வருஷமா அடுத்தவன் வீட்டையெல்லாம் முதுகுல ஏத்தி இறக்கியாச்சு. "அத இங்க வைப்பா, இத அங்க வைப்பா, சுவத்துல இடிக்காதப்பா." வெச்சுட்டு வந்துடுவேன். எங்க வைக்கறதுன்னு ஒரு நாளும் என்னைக் கேட்டதில்ல.

போன மாசம் ஒருத்தர் வீட்டைக் காலி பண்ணப் போனோம். மூலையில ஒரு பை கெடந்துச்சு, முதுகுல மாட்டற பை. "இதையும் வண்டியில ஏத்தவா சார்?"னு கேட்டேன். "நீயே வெச்சுக்கப்பா. இதைத் தூக்கிக்கிட்டு ஒரு மாசம் மலையில நடந்தேன். அந்த ஒரு மாசம் என் வீடே இதுக்குள்ளதான் இருந்துச்சு"ன்னார். தூக்கிப் பாத்தேன். தலகாணி கனம்தான் இருந்துச்சு. உள்ள லேசா ஒரு தார்ப்பாய், கொஞ்சம் கயிறு, மண்ணுல அடிக்க நாலு முளை. அவ்வளவுதான் வீடு.

அன்னைக்கு சாயங்காலம் முழுக்க எனக்கு அதே நெனப்பு. ஒரு வீடு. அதை நானே தூக்கறது. எங்க வைக்கணும்னு நானே சொல்றது. என் வயசுக்கு இது பெரிய ஆசையா? பெரிய ஆசைதான்னு நெனைக்கறேன்.

கம்பெனியில கெஞ்சி அடுத்த வெள்ளிக்கிழமையில இருந்து மூணு நாள் லீவு வாங்கினேன். வீட்டுக்கு வந்து நெஞ்ச நிமித்தி சொன்னேன்.

"நான் மலைக்குப் போறேன். மூணு நாள். நடந்து."

என் சம்சாரம் திரைச்சீலைக் கடைக்குத் தையல்காரி. துணிய வாங்கிட்டு வந்து வீட்லயேதான் தைப்பா, மிஷின் ஓடிக்கிட்டே இருக்கும். மிஷின் நின்னுச்சு.

"எத்தன பேரு?"

"நான் மட்டும்."

"மாமாவ யாரு பாத்துக்கறது?"

மாமான்னா எங்கப்பா. உள் ரூம்ல படுத்திருக்கார். வேளைக்கு மாத்திரை, நடுவுல தண்ணி, ரேடியோவ ஏத்து, ரேடியோவ இறக்கு. ஒருத்தர் வீட்ல இருந்தே ஆகணும். அந்த ஒருத்தர் யாருங்கற பேச்சு எங்க வீட்ல இதுவரைக்கும் வந்ததே இல்ல.

"நீதான் இருக்கியே"ன்னேன்.

"சரி"ன்னா.

நல்லா கவனிங்க. சண்டை போட்டா பயமில்ல. பாத்திரம் பறந்தாலும் பயமில்ல, புடிச்சு வெச்சுடுவேன், தொழில் அது. ஆனா ஒரே வார்த்தையில "சரி"ன்னு சொன்னா குனிஞ்சு நம்ம காலடியில தரை இருக்கான்னு பாத்துக்கணும். நான் பாக்கல. சந்தோஷத்துல இருந்தேன்.

தார்ப்பாய் மழைய நிறுத்தும். கொசுவ நிறுத்துமா? நாலு பக்கமும் திறந்துதானே கெடக்கு. கடைக்கு ஓடினேன். ஒரு வலை காட்டினான், ரெண்டு கிலோ. அதுக்கு நான் ஒரு ஃபிரிட்ஜே தூக்கிட்டுப் போயிடுவேன், ஜில்லுனு தண்ணியாவது கெடைக்கும். இன்னொன்னு தலைக்கு மட்டும் மாட்டற பை. அப்ப உடம்பு? உடம்ப கொசுவுக்கு எழுதிக் கொடுத்துடணுமா? கடைசியில விலை கம்மியா ஒரு வெள்ளை வலைய வாங்கிட்டு வந்தேன்.

சம்சாரம் அதை வாங்கி கண்ணுகிட்ட வெச்சுப் பாத்தா.

"இது தொந்தி போட்ட கொசுவ மட்டும்தாங்க நிறுத்தும்."

"மத்த கொசு?"

"குனிஞ்சு உள்ள வந்துடும். மலையில கொசுவ விட பொடிப்பூச்சி ஜாஸ்தி. அதுக்கெல்லாம் இது வாசக்கதவு. வெள்ளை வேற. உள்ள இருந்து பாத்தா வெளிச்சம் பட்டு வலைதான் தெரியும், வெளிய ஒண்ணும் தெரியாது. கறுப்பு வலைன்னா இருக்கறதே தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊர் ஜன்னலுக்கெல்லாம் துணி தைக்கறது யாரு, நீங்களா? கடையில கறுப்பு வலை மிச்சம் கெடக்கு. நானே தைச்சுத் தரேன்."

எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கெடைப்பான்னு அப்பவே வாய்விட்டு சொன்னேன். உள் ரூம்ல எங்கப்பா ரேடியோவ விட்டுட்டு இதைக் கேட்டுக்கிட்டு இருந்தார்.

மறுநாள் சமையல்கட்டுல இருந்து மாவு நிறுக்கற குட்டித் தராசக் கொண்டாந்து மிஷின் பக்கத்துல வெச்சேன். "மொத்தம் நானூறு கிராம். அதுக்கு மேல ஒரு கிராம் ஏறக்கூடாது"ன்னேன். பகல் முழுக்க மூணு கதவு பீரோ தூக்கறவன், ராத்திரி நூல்கண்டை நிறுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கனம் தூக்கறவனுக்குத்தான் கனத்தோட அருமை தெரியும். இது நான் சொன்னது, வேற எங்கயும் கேட்டிருக்க மாட்டீங்க.

"படுங்க, அகலம் எடுக்கணும்."

தரையில நேரா படுத்தேன். அட்டென்ஷன்ல நிக்கற போலீஸ்காரர சாச்சு வெச்ச மாதிரி. டேப்ப விரிச்சு தோள்பட்டைய அளந்தா.

"நீங்க இப்படி நேராவே படுத்தா அகலம் ரொம்ப வேணாம். குறைக்கவா?"

"எவ்வளவு மிச்சமாகும்?"

"எழுபது கிராம்."

"வெட்டு!"

அடுத்த நாள் நீளம் எடுக்க கூப்பிட்டா. அன்னைக்குப் பாத்து ரெண்டு சோபா தூக்கி இடுப்பு போயிருந்துச்சு. படுத்தவன் அப்படியே சுருண்டுட்டேன்.

"ஏங்க, நீங்க சுருண்டுதான தூங்குவீங்க? இவ்வளவு நீளம் எதுக்கு?"

"எவ்வளவு மிச்சமாகும்?"

"எண்பது."

"வெட்டு!"

"உள்ள உக்காருவீங்களா?"

"தூங்கப் போறேன், மாநாடு நடத்தவா போறேன்? உயரத்தையும் வெட்டு."

தரைக்கு ஒரு மெல்லிசு துணி. அதோட ஓரத்த நாலு விரல் மேல தூக்கி வலையோட சேத்து தைச்சா, மழைத்தண்ணி ஓடி உள்ள வராதாம். மூலைக்கு மூலை சின்னதா எலாஸ்டிக் வளையம், ராத்திரி காத்தடிச்சா வலை கிழியாம இழுபட்டு குடுக்கணும்ல. தலைமாட்டுல ஒரு கயிறு, தார்ப்பாய் கயித்துல தொங்கவிட. அவ கை ஓடற அழகைப் பாத்துக்கிட்டே இருந்தேன். இதெல்லாம் எப்படி இவளுக்கு இவ்வளவு சுளுவா வருதுன்னு ஒரு கேள்வி மண்டைக்குள்ள வந்துச்சு. வந்துச்சு, ஒரு டீ சாப்பிட்டுச்சு, போயிடுச்சு.

கடைசியில ஜிப். "பிடி ரெண்டு பக்கமும் வேணுமா?"ன்னு கேட்டா. "நீங்க தனியாத்தானே போறீங்க? வெளிய இருந்து யாரு வந்து திறக்கப்போறா?"

"அட ஆமா! வெளிப்பிடிய எடுத்துடு. எவ்வளவு?"

"ரெண்டு கிராம்."

ரெண்டு கிராம்! தராசுல வெச்சோம். முன்னூத்தித் தொண்ணூறு. தராசத் தூக்கி முத்தம் குடுத்தேன். குடுக்க வேண்டிய ஆளு பக்கத்துல உக்காந்து நூல் கடிச்சுக்கிட்டு இருந்தா.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில ஒத்திகை. தண்ணித் தொட்டி குழாயில ஒரு முனை, துணிக்கொடி கம்பியில ஒரு முனை, தார்ப்பாய் கட்டியாச்சு. கீழ கறுப்பு வலை லேசா ஆடுது. பாக்கவே கண்ணு கூசற அழகு. என் வீடு. ராஜா மாதிரி உள்ள போனேன்.

நேரா படுத்தேன். தலை இந்தப் பக்கம் வலையில முட்டுச்சு, கால் அந்தப் பக்கம் முட்டுச்சு. சுருண்டு பாத்தேன். முட்டி ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் ஒட்டிக்கிச்சு. நேரா படுத்தப்ப அகலம் எடுத்தா. சுருண்டு படுத்தப்ப நீளம் எடுத்தா. இப்ப நேரா படுத்தா நீளம் பத்தல, சுருண்டா அகலம் பத்தல. எந்திரிச்சு உக்காந்தா தலை கூரைய முட்டுது.

வலை உடம்புல ஒட்டினா வலை இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். வெளிய கொசுவெல்லாம் பந்தியில உக்காந்துடுச்சு. பரிமாறினது நான். பத்து நிமிஷத்துல வெளிய குதிச்சேன்.

"எங்கயோ தப்பு நடந்திருக்கு"ன்னேன், சொறிஞ்சுக்கிட்டே.

"தள்ளுங்க, தையல் விட்டிருக்கான்னு பாக்கறேன்"ன்னு உள்ள போனா. சர்ருனு ஜிப்ப இழுத்தா. படுத்தா.

தலைக்கு மேல ஒரு சாண் இடம். காலுக்குக் கீழ ஒரு சாண் இடம். எந்திரிச்சு உக்காந்தா. தலை தட்டல.

 நான் குனிஞ்சு எட்டிப் பாத்தேன்.

"சரியா இருக்கா?"

"ம்."

"சரி வெளிய வா. அப்பாவுக்கு மாத்திரை நேரம்."

"அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷம் பத்தாச்சு. ஜிப்பத் தொட்டுப் பாத்தேன். பிடி இல்ல. வெளிப்பிடிய எடுக்கச் சொன்ன மகராசன் நான்தானே.

"ஏம்மா, திற."

"இங்க யாரும் என்னைக் கூப்பிட முடியாது போல இருக்குங்க."

"நான் கூப்பிட்டுக்கிட்டுதானே இருக்கேன்?"

"கேக்குது. ஆனா தூரமா கேக்குது."

கறுப்பு வலை. அவளுக்கு நான் நல்லா தெரிஞ்சிருப்பேன். எனக்கு அவ முகம் சரியாத் தெரியல. இருட்டு விழற நேரம், வானத்தப் பாத்துப் படுத்திருக்கான்னு மட்டும் தெரிஞ்சுச்சு. இவ வானத்தப் பாத்து நான் பாத்ததே இல்லையேன்னு நெனச்சேன். ஊர் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் துணி தைச்சவ. எங்க வீட்டு ஜன்னல் பக்கம் நின்னா உள்ளருந்து ஒரு குரல் வரும். ஒண்ணு அப்பா, இல்ல நான்.  

அப்பப் பாத்து மேல வந்தா, எதுத்த வீட்டு நர்சம்மா. காயப்போட்ட துணிய எடுக்க வந்திருந்தா. தார்ப்பாயப் பாத்ததும் முகமெல்லாம் பல்லு.

"அக்கா, உங்களோடது ரெடியா? போன மாசம் எனக்கு தைச்சத விட இது நல்லா இருக்கே! பஸ்ல ரெண்டு சீட்டு போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு."

நான் நர்சம்மாவப் பாத்தேன். வலையப் பாத்தேன். வலைக்குள்ள யாரோ சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

"போன மாசமா?"

"ஆமாண்ணே. அக்காதான் எல்லாம் படிச்சு வெச்சிருக்காங்க. எந்த வலை, எந்த நூல், எவ்வளவு எடை. அண்ணனுக்குத்தான் லீவு கெடைக்குமோ கெடைக்காதோன்னு பயந்துக்கிட்டே இருந்தாங்க."

"என் லீவு இவளுக்கு எதுக்கு?"

வலைக்குள்ள இருந்து பதில் வந்துச்சு, பொறுமையா.

"யாராவது ஒருத்தர் மாமாகூட இருக்கணும்லங்க. உங்களுக்குத்தான் மூணு நாள் லீவு கெடச்சிருக்கே."

"நான் கேட்ட வலைய நீ உனக்கு தைச்சுக்கிட்டியா?"

"உங்களுக்குத்தான் தைச்சேன். நீங்க வெட்டச் சொன்னதெல்லாம் வெட்டினேன். கடைசியில மிஞ்சினது என் அளவு."

  நான் கீழ போய் அப்பாவுக்கு மாத்திரை குடுத்தேன்.

வெள்ளிக்கிழமை போயிட்டா. பையக் கொண்டு போய் பஸ்ல ஏத்தினதும் நான்தான். கையில ஒரு சீட்டு குடுத்துட்டுப் போனா, எத்தன மணிக்கு எந்த மாத்திரைன்னு. நான் படிச்சது கொஞ்சம். எழுத்து ஏறாதுன்னு தெரிஞ்சு, மாத்திரைய நெசமாவே சீட்டுல ஒட்டி, பக்கத்துல கடிகாரம் வரைஞ்சு வெச்சிருந்தா.

அந்த மூணு நாள் ஒரு தடவைகூட நான் ஜன்னல்கிட்ட முழுசா போய்ச் சேரல. "தண்ணி"ம்பார். குடுத்துட்டு நாலடி வெச்சா "ரேடியோ"ம்பார். அப்பா மேல தப்பில்ல. அவரால எந்திரிக்க முடியாது, எந்திரிக்க முடிஞ்சவன கூப்பிடறார். ரெண்டாம் நாள் கேட்டார்.

"அவ எங்கடா?"

"மலைக்குப் போயிருக்கா."

"நீ ஏண்டா போகல?"

"வலை சின்னதுப்பா."

"புத்திசாலிப் பொண்ணு"ன்னார். ரேடியோவ அவரே கை நீட்டி நிறுத்திட்டார். அன்னைக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னைக் கூப்பிடவே இல்ல.

திங்கக்கிழமை வந்து இறங்கினா. முகத்துல வெயில் ஏறி, கால்ல செம்மண்ணு அப்பி, பத்து வயசு குறைஞ்சு நின்னா. உடம்புல ஒரு கொசுக்கடி கெடையாது. நான் டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சுட்டு என்னையே பாத்தா.

"நீங்க இல்லாம கஷ்டமாத்தான் இருந்துச்சுங்க."

எனக்கு அப்படியே உருகிப்போச்சு. "நெசமாவா?"

"அடுத்த தடவை உங்களையும் கூட்டிட்டுப் போறதுன்னு நானும் நர்சம்மாவும் முடிவு பண்ணிட்டோம்."

"எனக்கும் ஒரு வலை தைப்பியா?"

"தைக்காம? ஒரு கிலோவுக்கே தைக்கறேன், கையக் கால நீட்டிப் படுங்க. மூணு பையும் நீங்கதானே தூக்கப்போறீங்க."

அவ்வளவுதான் கதை. ஆனா ஒரு சங்கதி பாக்கி. மூணு பேரும் போயிட்டா அப்பாகூட யாரு இருக்கறதுன்னு கேட்டேன். "இத்தன வருஷம் நான் யோசிச்சேன், இப்ப நீங்க யோசிங்க"ன்னுட்டா. யோசிச்சுத்தான் உங்களையெல்லாம் உக்கார வெச்சு இவ்வளவு நேரம் பேசினேன். ஓசியில கேட்டு சிரிச்சுட்டு எந்திரிச்சா விட்டுடுவேனா? கதைக்குக் கூலி, ஆளுக்கு ஒரு நாள் எங்கப்பா பக்கத்துல வந்து உக்காரணும். எங்க, மொத நாள் யாரு வரீங்க? கைய மேல தூக்குங்க பாப்போம்.